யாருடைய அணி?

2024 ஏப்ரல் கடைசி வாரம். டெட்ராய்ட் நகரின் மையத்தில் மூன்று நாள்களில் 7,75,000க்கும் மேற்பட்டோர் கூடினார்கள். அங்கே எந்த ஆட்டமும் நடக்கவில்லை. ஒரு மேடை மட்டும் இருந்தது. ஒருவர் மேடையேறி ஒரு சீட்டைப் பார்த்து ஓர் இளைஞனின் பெயரையும் அவன் ஆடிய பல்கலைக்கழகத்தின் பெயரையும் படிப்பார். கூட்டம் ஆர்ப்பரிக்கும், சில நேரம் ஊளையிடும். அடுத்த பெயருக்காகக் காத்திருக்கும். இப்படி மொத்தம் 257 பெயர்கள். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் ஆண்டுதோறும் நடத்தும் 'டிராஃப்ட்' அது. கல்லூரி ஆட்டத்தை முடித்து வரும் இளைஞர்களை 32 அணிகளும் வரிசைப்படி பங்கு போட்டுக்கொள்ளும் நிகழ்ச்சி.

ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் ஏலத்தில் அதிகப் பணம் கொடுப்பவருக்கு வீரர் கிடைக்கிறார். டிராஃப்டில் போன ஆண்டு கடைசியில் நின்ற அணிக்கு முதல் தேர்வு. தன்னைத் தேர்ந்தெடுத்த அணி பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை அந்த இளைஞனுக்கு ஏறக்குறைய இல்லை. படித்து முடித்த ஒரு பொறியாளரிடம் "நீ பஃபலோவில்தான் வேலை செய்ய வேண்டும், வேறு கம்பெனி உன்னை எடுக்காது" என்று சொன்னால் அந்த நாட்டில் வழக்கு நடக்கும். விளையாட்டில் அது திருவிழாவாக நடக்கிறது, லட்சக்கணக்கானோர் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறார்கள்.

அமெரிக்க ரசிகர்களின் பேச்சைக் கவனித்து வருபவர்களுக்கு முதலில் புலப்படுவது இதுதான். அவர்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதைவிட ஆட்டத்தைச் சுற்றியுள்ளவற்றைப் பற்றிப் பேசுவது அதிகம். யாருக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தம், அதில் உறுதியளிக்கப்பட்ட தொகை எவ்வளவு, எந்தப் பயிற்சியாளரின் வேலை போகப்போகிறது, எந்த நீதிமன்றம் என்ன தீர்ப்புச் சொன்னது, புதிய அரங்குக்கு நகரத்தின் வரிப்பணம் எவ்வளவு. இதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. ஒரு என்எஃப்எல் அணி வழக்கமான பருவத்தில் 17 ஆட்டங்களே ஆடுகிறது. கல்லூரி அணி 12. மிச்ச நாள்களைச் செய்திதான் நிரப்புகிறது. ஆனால் இந்த விளக்கம் போதாது என்று நினைக்கிறேன். பேஸ்பாலில் ஓர் அணி ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது, அங்கும் பேச்சின் போக்கு இதேதான். இந்தப் பேச்சுகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது: அணி யாருடையது? சட்டம் அதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. அந்தப் பதிலை ஏற்க மறுப்பவர்களின் வாதமாகவே இந்த ஓயாத பேச்சை நான் வாசிக்கிறேன்.

இந்தப் பேச்சுக்கு முடிதிருத்தும் கடையிலும் மதுக்கூடத்திலும் அலுவலக வராந்தாவிலும் நீண்ட வரலாறு உண்டு. அது ஊரறியும் தொழிலாக மாறியது 1987 ஜூலை 1 பிற்பகல் 3 மணிக்கு. அன்று நியூயார்க்கில் டபிள்யூஎஃப்ஏஎன் என்ற வானொலி நிலையம் நாள் முழுக்க விளையாட்டுப் பேச்சை மட்டும் ஒலிபரப்பத் தொடங்கியது. அதில் முதலில் ஒலித்தது சூசின் வால்ட்மன் என்ற பெண்ணின் குரல். இருபத்து நான்கு மணி நேரமும் பேச என்ன இருக்கிறது என்று பலர் கேட்டார்கள். 1989இல் அங்கே கைகோத்த மைக் ஃபிரான்செஸா, கிறிஸ் ருஸ்ஸோ ஜோடி 2008 வரை பிற்பகல் முழுவதும் பேசியது. பிறகு நாட்டின் ஏறத்தாழ ஒவ்வொரு பெருநகரமும் இப்படியொரு நிலையத்தை வைத்துக்கொண்டது. அழைப்பவர் தன் பெயரையும் ஊரையும் சொல்வார். முதன்முறை அழைக்கிறேன், நெடுங்காலமாகக் கேட்கிறேன் என்று ஒரு மரபான முன்னுரை சொல்வார். பிறகு, நேற்று ஒரு கோடீஸ்வர முதலாளி எடுத்த முடிவு ஏன் தவறு என்று விளக்குவார். லாரி ஓட்டுபவரும் பல் மருத்துவரும் ஒரே அளவு நேரம் பெற்றார்கள். அமெரிக்க வாழ்வில் இவ்வளவு வர்க்கங்கள் கலந்து ஒரே விஷயத்தை வாதிடும் இடங்கள் அதிகம் இல்லை.

கலந்து வாதிட்டால் உண்மை வெளிவரும் என்பதற்கு உறுதி எதுவும் கிடையாது. ஃபிலடெல்ஃபியாவின் டபிள்யூஐபி நிலையத்தில் காலை நிகழ்ச்சி நடத்திய ஆஞ்சலோ கடால்டி, 1999 ஏப்ரலில் சுமார் முப்பது ரசிகர்களைப் பேருந்தில் ஏற்றி நியூயார்க்கில் நடந்த டிராஃப்டுக்குக் கூட்டிச் சென்றார். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ரிக்கி வில்லியம்ஸைத் தங்கள் ஈகிள்ஸ் அணி எடுக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அணி டோனவன் மெக்னாப் என்ற இளைஞரை எடுத்தது. அவர் மேடையேறிய நேரத்தில், வாழ்வின் மிகப் பெரிய நாளில், அந்த முப்பது பேரும் ஊளையிட்டார்கள். மெக்னாப் பின்னாளில் அந்த அணியை ஐந்து முறை பிரிவு இறுதியாட்டத்துக்கும் ஒருமுறை லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் போலுக்கும் கொண்டுசென்றார். வில்லியம்ஸுக்காக நியூ ஆர்லியன்ஸ் அணி அந்த ஆண்டின் தன் தேர்வுகள் அத்தனையையும் விட்டுக்கொடுத்தது, அதற்கேற்ற பலன் கிடைக்கவில்லை. அந்த ஊளையை மெக்னாப் கடைசிவரை மறக்கவில்லை. ஃபிலடெல்ஃபியாவுக்கும் அவருக்குமான உறவு ஒருபோதும் முழுதாகச் சீராகவில்லை.

ரசிகர் எதைப் பார்க்கிறார் என்பதைச் சமூக உளவியல் மிகத் தொடக்கத்திலேயே ஆராய்ந்தது. 1951 நவம்பர் 23 அன்று பிரின்ஸ்டன், டார்ட்மத் கல்லூரிகள் மோதிய ஆட்டம் முரட்டுத்தனமாக நடந்தது. பிரின்ஸ்டனின் நட்சத்திரமான டிக் காஸ்மையரின் மூக்கு உடைந்தது, டார்ட்மத் வீரர் ஒருவரின் கால் முறிந்தது. ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹாட்லி கான்ட்ரில் என்ற இரு ஆய்வாளர்கள் இரு கல்லூரி மாணவர்களுக்கும் ஒரே படச்சுருளைக் காட்டி விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்ததாக டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப் போல இரு மடங்குக்கும் மேலாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். படத்தைப் பார்த்த டார்ட்மத்தின் பழைய மாணவர் ஒருவர், சொல்லப்பட்ட குற்றங்கள் எதுவும் கண்ணில் படாததால், வெட்டப்பட்ட பகுதியை அனுப்பிவைக்கும்படி தந்தி கொடுத்தார். 1954இல் வெளியான அந்த ஆய்வு இன்றும் உளவியல் வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. அவர்கள் உண்மையிலேயே வெவ்வேறு ஆட்டங்களைப் பார்த்தார்கள் என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

ஆனால் இன்றைய ரசிகரை வெறும் பக்கச்சார்பாளராக மட்டும் பார்ப்பது பழைய படம். கடந்த நாற்பது ஆண்டுகளில் அவர் கணக்கு கற்றுக்கொண்டார். 1980இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் கற்பனை பேஸ்பால் லீக் ஒன்றை வடிவமைத்தார்கள். உண்மையான வீரர்களின் அன்றாடப் புள்ளிவிவரங்களை வைத்து ஆளுக்கொரு கற்பனை அணியை நடத்தும் விளையாட்டு. கால்பந்தில் இதே போன்ற ஒன்று 1960களிலேயே ஓக்லாந்தில் பிறந்திருந்தது. இன்று கோடிக்கணக்கானோர் ஆடும் இந்த 'ஃபேன்டசி' விளையாட்டு ரசிகரைக் கேலரியிலிருந்து எழுப்பி மேலாளர் நாற்காலியில் உட்கார வைத்தது. பிறகு 1994இல் என்எஃப்எல் ஊதிய வரம்பைக் கொண்டுவந்தது. ஓர் அணி தன் வீரர்கள் எல்லோருக்குமாகச் செலவிடக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு. அந்த ஆண்டு அது 3.46 கோடி டாலர். 2025இல் 27.92 கோடி. இந்த வரம்பு வந்தபின் ஒரு வீரரை விரும்புவது மட்டும் போதாமல் ஆகிவிட்டது. அவருக்குக் கொடுக்கும் தொகையால் வேறு யாரை இழக்க நேரும் என்றும் கணக்கிட வேண்டும். முன்பணத்தை எத்தனை ஆண்டுகளுக்குப் பிரித்துக் காட்டலாம், இப்போது நீக்கினால் அடுத்த ஆண்டுக் கணக்கில் எவ்வளவு தங்கும் என்பதைக் கல்லூரி வாசலையே மிதிக்காத ரசிகர்கள் தணிக்கையாளரின் நுணுக்கத்தோடு விவாதிக்கிறார்கள். நான் இதை மிகுந்த மதிப்போடு சொல்கிறேன்.

இந்த அறிவுக்கு ஒரு விலையும் உண்டு. மேலாளரைப் போல யோசிக்கப் பழகியவர் முதலாளியின் பக்கம் நின்று யோசிக்கவும் பழகிவிடுகிறார். வீரர் கூடுதல் ஊதியம் கேட்டால், "இவருக்கு இவ்வளவு கொடுத்தால் வரம்பு என்ன ஆவது?" என்று உழைப்பவரே கேட்கிறார். வரம்பு யாருடைய லாபத்தைக் காக்கிறது என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது.

கர்ட் ஃபிளட்டின் கதையை இங்கே நினைவுகூர வேண்டும். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் பன்னிரண்டு பருவங்கள் ஆடிய அந்தக் கறுப்பின வீரரை 1969 அக்டோபரில் ஒரு தொலைபேசி அழைப்போடு ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். அன்றைய விதிப்படி ஒப்பந்தம் முடிந்த பின்னும் வீரர் அணியின் உடைமையாகவே நீடித்தார். ஃபிளட் போக மறுத்து பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதினார், பிறகு வழக்குத் தொடுத்தார். 1972இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விசாரணையின்போது, ஓய்வுபெற்றிருந்த வீரர் ஜாக்கி ராபின்சன் அவருக்காகச் சாட்சி சொன்னார். களத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு வீரர்கூட வரவில்லை. நல்ல சம்பளம் வாங்குபவர் ஏன் புலம்புகிறார் என்று அன்றைய ரசிகர்களில் பலர் கேட்டார்கள். 1975 டிசம்பரில் ஒரு நடுவர் மன்றத் தீர்ப்பு அந்த விதியை உடைத்தது. வேறு இரு வீரர்கள் தொடுத்த முறையீட்டில் அந்த விடுதலை வந்தது. ஃபிளட் அதன் பலனை அனுபவிக்கவில்லை. 1997இல் இறந்தார். இன்று ஒவ்வொரு குளிர்காலத்திலும் ரசிகர்கள் ஆவலோடு பேசும், ஒப்பந்தம் முடிந்து விரும்பிய அணிக்குப் போகும் 'ஃப்ரீ ஏஜென்ட்' வீரர்களின் செய்திகள் அத்தனைக்கும் அடியில் அவர் இழந்த ஆட்ட ஆண்டுகள் கிடக்கின்றன.

தொழில்முறை விளையாட்டில் அரை நூற்றாண்டுக்கு முன் நடந்த அந்த வாதம் இப்போது கல்லூரி விளையாட்டில் நடக்கிறது. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது நம் ஊர்க் கல்லூரி விளையாட்டு விழாவின் பெரிய வடிவம் என்று நினைத்துவிடக் கூடாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். பல மாநிலங்களில் அரசு ஊதியம் பெறுவோரில் ஆளுநரோ பல்கலைக்கழகத் தலைவரோ முதலிடத்தில் இல்லை, கால்பந்துப் பயிற்சியாளர்தான் இருக்கிறார். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷர் என்ற பயிற்சியாளரை நீக்கியபோது, இனி வேலை செய்யாமல் இருப்பதற்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். இவ்வளவு பணம் புழங்கிய இந்த உலகில் ஆடும் மாணவருக்கு நெடுங்காலம் கல்விக் கட்டணமும் தங்குமிடமும் உணவும் மட்டுமே கிடைத்தன. பெரிய வருமானம் தரும் இரு ஆட்டங்களான கால்பந்திலும் கூடைப்பந்திலும் முன்னணி அணிகளின் வீரர்களில் மிகப் பலர் கறுப்பின இளைஞர்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் வரலாற்றை எழுதிய டெய்லர் பிராஞ்ச் 2011இல் 'தி அட்லாண்டிக்' இதழில் எழுதிய நீண்ட கட்டுரையில் இந்த ஏற்பாட்டின் மீது தோட்டத்து அடிமைமுறையின் வாடை வீசுவதைச் சுட்டிக்காட்டினார்.

மாற்றம் நீதிமன்றத்தின் வழியாகவே வந்தது. எட் ஓபேனன் என்ற முன்னாள் கூடைப்பந்து வீரர், காணொளி விளையாட்டு ஒன்றில் தன் உருவம் தன் அனுமதியின்றி ஆடுவதைக் கண்டு வழக்குத் தொடுத்தார். அதன் வழியில் வந்த ஆல்ஸ்டன் வழக்கில் 2021 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒன்றாக நின்று, கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ போட்டிச் சட்டத்துக்கு அப்பாற்பட்டது அல்ல என்றது. பத்து நாள்களில், ஜூலை 1 முதல், மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விற்றுச் சம்பாதிக்க வழி திறந்தது. வீரர்கள் தொடுத்த இன்னொரு வழக்கில் 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றுக்கொண்ட சமரசம் அடுத்த கதவைத் திறந்தது. பழைய வீரர்களுக்குப் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 280 கோடி டாலர் இழப்பீடு. இனி ஒவ்வொரு கல்லூரியும் தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் ஆண்டுக்கு உச்சவரம்பு ஏறத்தாழ 2.05 கோடி டாலர். இதற்கிடையே, ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வீரர் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதியும் தளர்ந்து மறைந்தது.

இப்போது கல்லூரி ரசிகர்கள் பேசும் பேச்சில் பாதிக்கு மேல் இதைப் பற்றியதுதான். யார் வந்தார், யார் போனார், எவ்வளவுக்குப் போனார். அதில் ஒலிக்கும் வருத்தம் பொய்யானது அல்ல. பதினெட்டு வயதில் வந்த ஒரு பையன் நான்கு ஆண்டுகள் தங்கள் கண் முன்னால் வளர்வதைப் பார்த்து அவனைத் தங்கள் வீட்டுப் பிள்ளை போல எண்ணியவர்கள் அவர்கள். இன்று ஒவ்வோர் ஆண்டும் புதிய பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. ஆனாலும் இந்த வருத்தத்துக்குள் ஒரு பெரிய அநியாயம் ஒளிந்திருப்பதாக நான் கருதுகிறேன். பயிற்சியாளர்கள் பல ஆண்டுகளாக ஒப்பந்தத்தின் நடுவில், சில நேரம் பருவம் முடிவதற்கு முன்பே, கூடுதல் பணத்துக்கு இன்னொரு கல்லூரிக்குத் தாவி வந்திருக்கிறார்கள். அப்போது ரசிகர்கள் கோபப்பட்டார்கள், ஆனால் விளையாட்டே அழிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த பயிற்சியாளர் எந்த ஊரிலிருந்து வரப்போகிறார் என்று தனி விமானங்களின் பாதையைக் கணினியில் பின்தொடர்வதைப் பொழுதுபோக்காகவே கொண்டார்கள். ஐம்பது வயதுக்காரர் தாவினால் தொழில், இருபது வயதுக்காரர் தாவினால் துரோகம் என்ற கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை.

கல்லூரி ஆட்டத்தை உண்மையில் உலுக்கியது வீரர்களின் பேராசையா, தொலைக்காட்சிப் பணமா என்று கேட்டால், 1984இல் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து தொடங்க வேண்டும். ஒளிபரப்பு உரிமையை என்சிஏஏ மட்டும் கையில் வைத்திருந்ததை அது முடிவுக்குக் கொண்டுவந்தது. அதன்பின் கல்லூரிகளின் கூட்டமைப்புகள் அந்த உரிமையைத் தனித்தனியே விற்கத் தொடங்கின. 1915இல் வேர்விட்டு நூறாண்டுக்கு மேல் நின்ற, மேற்குக் கரையின் பசிபிக் கூட்டமைப்பு 2022க்கும் 2023க்கும் இடையில் சிதறியது. லாஸ் ஏஞ்சலிஸின் இரு பெரிய பல்கலைக்கழகங்கள் சிகாகோ பக்கத்துக் கூட்டமைப்புக்குப் போயின. ஓரிகனும் வாஷிங்டனும் பின்தொடர்ந்தன. பசிபிக் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லான்டிக் கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தன. கைப்பந்தும் நீச்சலும் ஆடும் மாணவர்கள் கண்டத்தைக் குறுக்காகப் பறந்து ஆடித் திரும்பி மறுநாள் வகுப்புக்குப் போக வேண்டும். சீண்டாமல் விடப்பட்டவை இரண்டு: சிறு ஊர்களான கோர்வாலிஸில் இருக்கும் ஓரிகன் ஸ்டேட், புல்மனில் இருக்கும் வாஷிங்டன் ஸ்டேட். அவை எந்த விதியையும் மீறவில்லை. அவற்றின் தொலைக்காட்சிச் சந்தை சிறியது, அவ்வளவுதான். ஓக்லஹோமாவில் இரு பல்கலைக்கழகங்கள் நூறாண்டுக்கு மேல் ஆடிவந்த ஆட்டமும் 2023 நவம்பரோடு நின்றது. அந்த மாநிலத்தில் கணவன் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமுமாக அந்த நாளைக் கழித்த குடும்பங்கள் ஏராளம். இந்த முடிவுகள் எதிலும் அவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

கேட்கப்படாதவர்களின் பற்று எங்கே போய் முட்டும் என்பதற்கு அலபாமாவில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அலபாமா, ஆபர்ன் பல்கலைக்கழகங்களின் பகை அந்த மாநிலத்தில் பிறப்போடு வரும். 2010 நவம்பரில் 24-0 என்று பின்தங்கியிருந்த ஆபர்ன் 28-27 என வென்றது. ஆபர்ன் நகரின் டூமர்ஸ் முனையில் இரண்டு ஓக் மரங்கள் நின்றன. வென்ற நாள்களில் அவற்றின் கிளைகள் மீது வெள்ளைக் காகிதச் சுருள்களை வீசிக் கொண்டாடுவது அந்த ஊர் வழக்கம். 2011 ஜனவரி 27 அன்று பால் ஃபைன்பாம் நடத்திய வானொலி நிகழ்ச்சிக்கு ஒருவர் அழைத்து, அந்த மரங்களுக்குத் தான் நஞ்சிட்டதாகச் சொன்னார். சோதித்தபோது மண்ணில் கடுமையான களைக்கொல்லி இருந்தது. அழைத்தவர் அலபாமா ரசிகர், அறுபதைக் கடந்தவர், ஓய்வுபெற்ற காவலர். குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். மரங்களைக் காப்பாற்றப் பலரும் பாடுபட்டும் பலிக்கவில்லை. 2013 ஏப்ரல் 23 அன்று வெட்டினார்கள். என்னைத் திகைக்க வைப்பது அந்தச் செயலைவிட அந்த அழைப்பு. யாரும் கண்டுபிடிக்காத குற்றத்தை அவராகவே வந்து சொன்னார். தன் பக்கத்து ஆள்களுக்குக் கேட்க வேண்டும் என்பது அவருக்கு அவ்வளவு தேவையாக இருந்திருக்கிறது. அலபாமா பல்கலைக்கழகத்தின் ரசிகர்களே சிலர் அந்த மரங்களைக் காக்க நிதி திரட்டினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது அந்தப் பேச்சுக்குள் பந்தயம் நுழைந்திருக்கிறது. 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்தின் மீதிருந்த கூட்டாட்சித் தடையை நீக்கியபின், பெரும்பாலான மாநிலங்கள் அதைச் சட்டப்படி அனுமதித்துவிட்டன. கைபேசியில் ஓர் ஆட்டத்தின் முடிவின் மீது மட்டுமல்ல, ஒரு தனி வீரர் எத்தனை புள்ளி எடுப்பார் என்பதன் மீதும் பணம் கட்டலாம். டொரான்டோ கூடைப்பந்து அணியின் ஜான்டே போர்ட்டர், குறைந்த புள்ளி எடுப்பார் என்று கட்டியவர்கள் வெல்வதற்காகவே ஆட்டத்தின் நடுவில் விலகினார் என்று தெரிந்து, 2024 ஏப்ரலில் கூடைப்பந்து லீக்கான என்பிஏ அவரை வாழ்நாள் முழுக்கத் தடைசெய்தது. 2025 மே மாதம் ஹூஸ்டன் பேஸ்பால் வீரர் லான்ஸ் மெக்கலர்ஸ் மோசமாகப் பந்தெறிந்த இரவில் அவருடைய குழந்தைகளைக் கொல்வதாக மிரட்டல் வந்தது. வெளிநாட்டிலிருந்து பந்தயம் கட்டித் தோற்ற ஒருவர் அனுப்பியது அது என்று போலீஸ் கண்டறிந்தது. மரத்துக்கு நஞ்சிட்டவருக்காவது ஓர் ஊர் இருந்தது, ஓர் அணி இருந்தது. இந்த மிரட்டலில் அணியே இல்லை. ரசிகர் என்ற சொல்லுக்கு உரிய எதுவும் அதில் இல்லை.

ரசிகரின் குரலுக்கு ஏதேனும் பலம் உண்டா? சில நேரம் உண்டு. 1995 நவம்பரில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியைப் பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக அதன் உரிமையாளர் ஆர்ட் மோடெல் அறிவித்தார். ஊர் கொதித்தது. லீக் அலுவலகத்தில் ஃபேக்ஸ் இயந்திரங்கள் ஓயாமல் ஓடின, நகராட்சி வழக்குத் தொடுத்தது. மூன்று மாதத்தில் ஏற்பட்ட உடன்பாட்டில், வீரர்களும் ஒப்பந்தங்களும் பால்டிமோருக்குப் போயின. அணியின் பெயரும் நிறமும் வரலாற்றுச் சாதனைகளும் கிளீவ்லாந்திலேயே தங்கின. 1999இல் அதே பெயரில் புதிய அணி வந்தது. ஓர் அணியின் நினைவு முதலாளியின் சொத்தில் சேராது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வைத்த அந்த உடன்பாட்டை அமெரிக்க ரசிகர்களின் மிகப் பெரிய வெற்றியாக நான் கருதுகிறேன்.

அண்மைய உதாரணம் டாலஸ். 2024 ஜூனில் இறுதிச்சுற்றுவரை வந்த மாவெரிக்ஸ் கூடைப்பந்து அணி, எட்டு மாதத்துக்குள், 2025 பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை நள்ளிரவில், 25 வயது லூக்கா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாற்றிவிட்டது. முதலில் செய்தி சொன்ன நிருபரின் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றே பலர் நம்பினார்கள். அரங்கின் வாசலில் சவப்பெட்டி வைத்தார்கள். பொதுமேலாளர் நிக்கோ ஹாரிசனை நீக்கச் சொல்லும் கோஷம் அந்தப் பருவம் முழுக்கவும் அடுத்த பருவத்திலும் ஒலித்தது. நவம்பர் 11 அன்று ஹாரிசன் நீக்கப்பட்டார். டான்சிச் திரும்பி வரவில்லை.

ஓக்லாந்தில் அதுவும் நடக்கவில்லை. கூடைப்பந்து அணி 2019இல் விரிகுடாவின் அக்கரைக்குப் போனது, கால்பந்து அணி 2020இல் லாஸ் வேகாசுக்கு. மிஞ்சியது ஏ'ஸ் என்ற பேஸ்பால் அணி. உரிமையாளர் ஜான் ஃபிஷர் நல்ல வீரர்களை ஒவ்வொருவராக விற்றார், கூட்டம் குறைந்தது, கூட்டம் குறைந்ததையே ஊரை விட்டுப் போவதற்குக் காரணமாகச் சொன்னார்கள். 2023 ஜூன் 13 அன்று ரசிகர்கள் தலைகீழான புறக்கணிப்பு ஒன்றை நடத்தினார்கள். வராமல் இருப்பதற்குப் பதிலாக எல்லோரும் வருவது. 27,759 பேர் வந்தார்கள். 'விற்றுவிடு' என்ற சொல் பொறித்த பச்சைச் சட்டைகள் அரங்கை நிறைத்தன. ரசிகர்களே ஊரைவிட்டு விலகிவிட்டார்கள் என்ற வாதம் அந்த இரவில் உடைந்தது. அணி அன்று வென்றது. அந்த வாரமே நெவாடா மாநிலம் லாஸ் வேகாஸ் அரங்குக்கு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரும் சட்டத்தை நிறைவேற்றியது. 2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லாந்தில் கடைசி ஆட்டம் நடந்தது.

மாற்று வழி இல்லை என்று சொல்ல முடியாது. விஸ்கான்சினில் ஒரு லட்சம் மக்கள்தொகையைச் சற்றே தாண்டிய கிரீன் பே நகரில் பேக்கர்ஸ் அணி 1923 முதல் பொதுமக்களின் பங்குகளில் நடக்கிறது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கு வைத்திருக்கிறார்கள். லாபப் பங்கு கிடையாது, பங்கை வெளியே விற்கவும் முடியாது. 2021இல் ஒரு பங்கு 300 டாலருக்கு விற்றபோதும் மக்கள் வாங்கினார்கள், ஏனென்றால் அந்த அணியை யாரும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோக முடியாது. இது நன்றாக நடப்பதைப் பார்த்த பின்னும் என்எஃப்எல் இன்னொரு அணி இப்படி அமைவதை விதியில் தடுத்து வைத்திருக்கிறது. நூறாண்டாக வெற்றிகரமாக ஓடும் ஓர் ஏற்பாட்டை விதி போட்டுத் தடுக்க வேண்டியிருக்கிறது என்றால், அதை அஞ்சுவோர் யார் என்று ரசிகர்கள் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும். ஊதிய வரம்பின் நுணுக்கங்களைப் பேசும் அதே அக்கறையோடு கேட்க வேண்டும்.

ஓக்லாந்து ரசிகர்கள் சிலர் அந்தக் கேள்வியைத் தங்கள் அளவில் செயலாக்கினார்கள். 2024இல், ஏ'ஸ் ஊரை விட்டுப் போன அதே ஆண்டில், பாலர்ஸ் என்ற சிறிய பேஸ்பால் அணி மேற்கு ஓக்லாந்தின் ரைமண்டி பூங்காவில் ஆடத் தொடங்கியது. பெரிய லீக் அணிகளோடு இணைக்கப்படாத பயனியர் லீக்கில் அது ஆடுகிறது. பங்குகளை ரசிகர்களுக்கே விற்று பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. 2025 செப்டம்பரில் அந்த லீக்கின் கோப்பையை வென்றது. ஏ'ஸ் அந்தப் பருவத்தை லாஸ் வேகாஸ் அரங்கு தயாராகாததால் சாக்ரமென்டோவின் சிறிய மைதானம் ஒன்றில், தன் பெயரோடு எந்த ஊரின் பெயரையும் சேர்க்காமல், ஆடிக்கொண்டிருந்தது.